புதுக் கணினியில் ‘புரொவைடர் பதிவாகவில்லை’ என்று வந்தால்: கந்தோர்க் கணினிகளில் தரவுத்தள டிரைவர் போடுவது பற்றி

கேள்வி இதுதான். சுன்னாகப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கந்தோர். அங்கத்தவர்களின் கடன், சேமிப்பு எல்லாம் பல வருடத்துக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு சொப்ட்வெயரில் ஓடுகிறது. தரவு ஒரு அக்சஸ் கோப்பில் (மைக்ரோசொப்ட் ஒபிஸின் தரவுத்தள வடிவம்) இருக்கிறது. பழைய கணினிகளில் பிரச்சினை இல்லை. புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 கணினியில் திறந்தால், ‘மைக்ரோசொப்ட் ஏஸ் ஓஎல்இடிபி 12.0 என்ற புரொவைடர் இந்தக் கணினியில் பதிவாகவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வருகிறது. புரொவைடர் என்றால் தரவுக் கோப்பைத் திறந்து கொடுக்கிற டிரைவர். நிரல்களும் டிரைவர்களும் 32-பிட், 64-பிட் என்று இரண்டு வகை; கணினி பார்க்க வருகிற பெடியன் 64-பிட் டிரைவரைப் போட்டிருக்கிறார். அது ஏறியது, செய்தி மாறவில்லை. பிறகு 32-பிட்டைப் போடப் பார்த்தால், ‘இங்கே 64-பிட் ஒபிஸ் இருக்கிறது, ஏற்ற முடியாது’ என்று அதுவே மறுத்துவிட்டது. இப்போது ‘ஃபோமட் அடிப்பம்’ என்கிறாராம். இது போதாதென்று, தலைமைக் கந்தோரின் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலுள்ள தரவை எக்செலுக்கு எடுத்தால் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக வருகின்றன.

ஃபோமட் அடிக்க வேண்டாம். அடித்து, அதே விண்டோஸையும் அதே 64-பிட் ஒபிஸையும் திரும்பப் போட்டால் அதே செய்திதான் வரும். ஒரு நாள் வேலையும் போய், பிரிண்டர் டிரைவரையும் தேட வேண்டிவரும். கணினியில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் சொப்ட்வெயர் 32-பிட், போட்ட டிரைவர் 64-பிட். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைச் சரிசெய்யும் வழி ஒன்றல்ல, எல்லா வழியும் ஒரே அளவு நல்லதும் அல்ல. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

டிரைவர் என்பது தனியாக ஓடுகிற ஒரு நிரல் அல்ல. உங்கள் கணக்கு சொப்ட்வெயர் தன்னுடைய நினைவகத்துக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிற ஒரு டிஎல்எல் கோப்பு. 32-பிட் நிரலுக்குள் 64-பிட் டிஎல்எல் ஏறாது, மறுவளமும் ஏறாது. உருண்டை முள்ளு பிளக்கைச் சதுரத் துளை பொயின்ரில் செருகப் பார்ப்பது போலத்தான்: கரண்டும் சரி, பிளக்கும் சரி, இரண்டும் சேராது. ஆகவே டிரைவர் தெரிவுசெய்யும்போது பார்க்க வேண்டியது விண்டோஸ் எத்தனை பிட் என்பதை அல்ல, அந்த டிரைவரைக் கூப்பிடுகிற நிரல் எத்தனை பிட் என்பதை. ‘விண்டோஸ் 64-பிட், அப்ப டிரைவரும் 64-பிட்’ என்று பார்த்துப் போடுவதில்தான் முக்கால்வாசி கந்தோர்களில் சிக்கல் தொடங்குகிறது.

நிரல் எத்தனை பிட் என்று பார்ப்பது சுலபம். சொப்ட்வெயரைத் திறந்து, அந்தப் பிழைச் செய்தி திரையில் நிற்கும்போதே டாஸ்க் மனேஜரைத் திறவுங்கள். ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து, விண்டோஸ் 10 என்றால் ‘பிளட்ஃபோம்’, 11 என்றால் ‘ஆர்க்கிடெக்சர்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்தால் உங்கள் நிரலுக்கு நேரே விடை இருக்கும். 11இல் ‘எக்ஸ்86’ என்று வந்தால் 32-பிட், ‘எக்ஸ்64’ என்று வந்தால் 64-பிட். விஷுவல் பேசிக் 6இல் எழுதியது என்றால் பார்க்கவே தேவையில்லை, அது 32-பிட் மட்டும்தான். டொட்நெட்டில் எழுதியது என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். ‘எந்தச் சிபியூவும்’ என்ற தெரிவில் கட்டிய டொட்நெட் நிரல் 32-பிட் விண்டோஸில் 32-பிட்டாகவும் 64-பிட் விண்டோஸில் பெரும்பாலும் 64-பிட்டாகவும் ஓடும். பழைய கணினியில் ஓடிய அதே நிரல் புதியதில் வேறு டிரைவர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒபிஸ் எத்தனை பிட் என்பதை எக்செலில் ‘ஃபைல்’, ‘அக்கவுண்ட்’, ‘அபவுட் எக்செல்’ என்று போனால் முதல் வரியிலேயே காணலாம்.

சரி, பழைய கணினிகளில் யாரும் எந்த டிரைவரும் போடாமலேயே எப்படி ஓடியது? அங்கே 32-பிட் ஒபிஸ் இருந்திருக்கும். 2016 வரையான ஒபிஸை வழமையாக நிறுவினால் 32-பிட்தான் வரும். 2019இலிருந்துதான் மைக்ரோசொப்ட் 64-பிட்டை வழமையாக்கியது. ‘ஏஸ்’ என்று சுருக்கமாகச் சொல்கிற அக்சஸ் தரவுத்தள இயந்திரம் ஒபிஸோடு சேர்ந்து வருவது. பழைய கணினிகளில் ஒபிஸ் போட்டபோதே 32-பிட் ஏஸ் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது. சொப்ட்வெயர் எழுதியவரும் ‘எல்லாக் கணினியிலும் இது இருக்கும்தானே’ என்று நம்பித் தன் நிறுவல் கோப்பில் அதைச் சேர்க்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்தக் குறை அவருடையதுதான்.

பெயரிலுள்ள 12.0ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது ஒபிஸ் 2007இன் உள் இலக்கம். அதற்காகப் பழைய 2007 டிரைவரைத் தேடி அலையத் தேவையில்லை. பிறகு வந்த ஏஸ் பதிப்புகளும், 2016 உட்பட, 12.0 என்று கூப்பிட்டால் வரும்.

இனி உங்கள் கணினிக்கான வழிகள்.

என் தெரிவு: 64-பிட் ஒபிஸைக் கழற்றிவிட்டு, அதே உரிமத்தில் 32-பிட் ஒபிஸைப் போடுங்கள். உரிமம் இரண்டுக்கும் ஒன்றுதான், புதிதாகக் காசு கட்டத் தேவையில்லை. ‘64 என்றால் வேகம் கூட’ என்று யாராவது சொல்வார்கள். பல இலட்சம் வரிகள் கொண்ட எக்செல் மாதிரிகளோடு வேலை செய்பவருக்கு அது உண்மை. அங்கத்தவர் பட்டியலும் மாதாந்தக் கூற்றும் பார்க்கிற கந்தோருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒபிஸ் 32-பிட் ஆனபின் உங்கள் சொப்ட்வெயரைத் திறந்து பாருங்கள். 2020இன் கடைசிப் பகுதிக்குப் பின் வந்த மைக்ரோசொப்ட் 365 பதிப்புகளில் ஒபிஸோடு வரும் ஏஸை வெளி நிரல்களும் காணும். அதற்கு முந்திய ‘கிளிக் டு ரன்’ வகை (இணையத்திலிருந்து நேரே இறங்கி ஏறும்) ஒபிஸில் ஏஸ் ஒபிஸின் சொந்தக் கூட்டுக்குள்ளேயே அடைந்திருக்கும், எக்செலுக்கும் அக்சஸுக்கும் மட்டும்தான் தெரியும். ‘ஒபிஸ் இருக்கு, பிறகேன் டிரைவர் இல்லை என்கிறது?’ என்று தலையைப் பிய்க்கிற பலருக்கு விடை இதுதான். அப்படியிருந்தால் மேலதிகமாக 32-பிட் ஏஸ் 2016ஐ நிறுவிப் பார்க்கலாம், பிட் ஒத்திருப்பதால் பிட் பற்றி அது முரண்டு பிடிக்காது.

இரண்டாவது வழி, தரவுக் கோப்பின் வால் (பெயரில் புள்ளிக்குப் பின் வருவது) ‘எம்டிபி’ என்று இருந்தால் மட்டும். அந்தப் பழைய வடிவத்தை ‘ஜெட் 4.0’ என்ற புரொவைடராலும் திறக்கலாம். ஜெட் விண்டோஸோடு கூடவே வருகிறது, 11இலும் இருக்கிறது, 32-பிட்டில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் நிரலோ 32-பிட். பல பழைய சொப்ட்வெயர்களில் நிரல் இருக்கும் கோப்புறையிலேயே ஒரு சிறிய ஐஎன்ஐ கோப்பு அல்லது கொன்ஃபிக் கோப்பு இருக்கும். அதற்குள், தரவை எந்தப் புரொவைடரால் திறப்பது என்று சொல்கிற இணைப்பு வரி வெளிப்படையாக எழுதியிருக்கும். அங்கே ஏஸின் பெயர் இருக்குமிடத்தில் ஜெட்டின் பெயரை எழுதினால் எதையும் நிறுவாமலே வேலை முடியலாம். மாற்றுவதற்கு முன் அந்தக் கோப்பின் பிரதியொன்றை எடுத்துவையுங்கள். கோப்பின் வால் ‘ஏசிசிடிபி’ என்றால் இந்த வழி இல்லை, ஜெட்டுக்கு அந்த வடிவம் தெரியாது.

மூன்றாவது வழியைப் பெடியன் எங்காவது வாசித்திருப்பார்: கட்டளைச் சாளரத்திலிருந்து நிறுவல் கோப்பை ‘குவயட்’ என்ற சொல்லோடு ஓட்டினால், மற்றப் பிட் ஒபிஸ் இருக்கிறதா என்று சோதிக்காமல் 32-பிட் ஏஸ் ஏறிவிடும். உண்மைதான், பெரும்பாலும் ஏறும். ஆனால் இரண்டு பிட்டும் அருகருகே இருப்பதை மைக்ரோசொப்ட் ஆதரிப்பதில்லை. 2010 பதிப்பை இப்படி ஏற்றினால் எக்செலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘ஒபிஸைச் சீரமைக்கிறேன்’ என்று ஒரு சாளரம் வந்து நிற்பது பிரபலமான தொல்லை. அதைத் தீர்க்க ரெஜிஸ்ட்ரிக்குள் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) போய் ஒரு மதிப்பை அழிக்க வேண்டிவரும். இன்று சரியாக ஓடினாலும் ஒபிஸ் அடுத்த முறை தன்னைப் புதுப்பிக்கும்போது மறுபடி குழம்பலாம். கணக்கு முடிக்கிற நாளில் அது நடந்தால் யார் பதில் சொல்வது? அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்டலாம், அதற்குமேல் எனக்குச் சம்மதமில்லை.

நீங்கள் கேட்காத நான்காவது ஒன்றும் உண்டு: டிஎல்எல் கோப்பை மட்டும் ஏதாவது தளத்திலிருந்து இறக்கி, விண்டோஸ் கோப்புறைக்குள் போட்டு ‘ரெக்எஸ்விஆர்32’ என்ற பதிவுசெய்யும் கட்டளையை அடிப்பது. வேண்டவே வேண்டாம். ஏஸ் தனி ஒரு கோப்பு அல்ல, ஒன்றையொன்று நம்பியிருக்கிற பல கோப்புகள். ஒன்றை மட்டும் பதிவுசெய்தால் செய்தி மாறுமே தவிர வேலை நடக்காது. தனிக் கோப்புகளை இலவசமாகக் கொடுக்கிற தளங்கள் வேறு என்னத்தைச் சேர்த்துக் கொடுக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கமும் கடன் விபரமும் இருக்கிற கணினி அது.

இனி ஓடிபிசி பக்கம், அதாவது எக்செல் போன்ற நிரல்கள் வெவ்வேறு தரவுத்தளங்களோடு பேசுகிற பொதுவான வழி. மைஎஸ்கியூஎல் தரவை எக்செலுக்கு எடுப்பது இந்த வழியாகத்தான், இங்கேயும் அதே பிட் கதை வேறு உடுப்பில் வருகிறது.

64-பிட் விண்டோஸில் ஓடிபிசி அமைக்கும் சாளரம் இரண்டு உண்டு. கோப்பின் பெயரோ இரண்டுக்கும் ஒன்றே: ‘ஓடிபிசிஏடி32’. ‘சிஸ்டம்32’ கோப்புறையில் இருப்பது 64-பிட். ‘சிஸ்வாவ்64’ கோப்புறையில் இருப்பது 32-பிட். வாசித்தது சரிதான், தலைகீழாகத்தான் இருக்கிறது. பழைய நிரல்கள் ‘சிஸ்டம்32’ என்ற பெயரை உள்ளே எழுதி வைத்திருந்ததால், 64-பிட்டுக்கு மாறியபோதும் மைக்ரோசொப்ட் அந்தப் பெயரை மாற்றாமல் விட்டது. 32-பிட் நிரல்களைத்தான் மற்றக் கோப்புறைக்கு ஒதுக்கியது. விண்டோஸ் 7இல் கொன்ட்ரோல் பனலிலிருந்து திறந்தால் 64-பிட் சாளரம் மட்டுமே வரும், ‘டிரைவரைப் போட்டேன், பட்டியலில் காணவில்லை’ என்ற முறைப்பாடு அந்தக் காலத்தில் அதிகம். இப்போது தேடல் பெட்டியில் ‘ஓடிபிசி’ என்று அடித்தால் 32, 64 என்று பெயரிட்டே இரண்டும் வருகின்றன. உங்கள் எக்செல் எத்தனை பிட்டோ அந்தச் சாளரத்தில் டிரைவர் தெரிய வேண்டும், டிஎஸ்என்னையும் (எந்த டிரைவர், எந்தத் தரவுத்தளம் என்று ஒரு பெயரில் சேமிக்கும் இணைப்பு அமைப்பு) அங்கேதான் அமைக்க வேண்டும். இதனால் ஒரு கவனம்: ஒபிஸை 32-பிட்டாக மாற்றினால், முன்பு 64-பிட் பக்கத்தில் அமைத்த மைஎஸ்கியூஎல் இணைப்பு எக்செலுக்குத் தெரியாமல் போகும். 32-பிட் மைஎஸ்கியூஎல் கனெக்டரையும் (மைஎஸ்கியூஎல்லுக்கான ஓடிபிசி டிரைவர்) நிறுவி அங்கேயும் ஒரு டிஎஸ்என் அமைத்துவிடுங்கள். மைஎஸ்கியூஎல் கனெக்டர் இரண்டு பிட்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். ஏஸ் மாதிரி அல்ல.

டிஎஸ்என் அமைக்கும்போது ‘யூசர்’ என்றும் ‘சிஸ்டம்’ என்றும் பக்கங்கள் இருக்கும். யூசர் பக்கத்தில் போட்டால் அந்தப் பயனருக்கு மட்டும்தான். கந்தோர்களில் அடிக்கடி நடப்பது: கணினி பார்க்க வந்தவர் அட்மின் கணக்கில் நுழைந்து யூசர் டிஎஸ்என் அமைப்பார், சோதிப்பார், ‘வேலை செய்யுது’ என்று காட்டிவிட்டுப் போவார். அடுத்த நாள் எழுதுவினைஞர் தன் கணக்கில் நுழைந்தால் ஒன்றும் இல்லை. எப்போதும் சிஸ்டம் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

ஓடிபிசியின் பிழைச் செய்திகளில் ஒரு நல்ல குணம், குறியீடு போட்டே வரும். ‘ஐஎம்002’ என்றால் நிரல் கேட்ட பெயரில் டிஎஸ்என் இல்லை: எழுத்துப் பிழை, அல்லது மற்றப் பிட் சாளரத்தில் இருக்கிறது, அல்லது மற்றப் பயனரிடம் இருக்கிறது. ‘ஐஎம்014’ என்றால் டிஎஸ்என் இருக்கிறது, பிட்தான் ஒத்துவரவில்லை. ‘சிஸ்டம் எரர் 126’ என்றால் டிரைவர் இருக்கிறது, அது நம்பியிருக்கிற வேறொரு கோப்பு இல்லை. மைஎஸ்கியூஎல் கனெக்டரில் இது வந்தால் அநேகமாக விஷுவல் சி++ ரன்டைம் (நிரல்கள் ஓடத் தேவையான துணைக் கோப்புகள்) இல்லாததுதான் காரணம். மைக்ரோசொப்டின் தளத்தில் 2015இலிருந்து 2022 வரைக்கும் பொதுவான ஒரே நிறுவல் கோப்பாக இருக்கிறது. கனெக்டர் எத்தனை பிட்டோ அதே பிட் ரன்டைம் வேண்டும். இங்கேயும் ‘விண்டோஸ் 64 தானே’ என்று 64ஐ மட்டும் போட்டுவிட்டு நிற்பவர்கள் உண்டு. ‘193’ என்று வந்தால் பழையபடி பிட் பிரச்சினை.

இந்த எண்கள் எல்லாம் உள்ளூர்ப் பிரச்சினைகள், செய்தி வரும்போது நிரல் இன்னும் கணினியை விட்டு வெளியே போகவேயில்லை. ஆகவே ‘நெட் சிலோ’ என்று ரவுட்டரை நிறுத்திப் போடுவதில் பலனில்லை. மாறாக ‘சேர்வரைக் காணவில்லை’, ‘நேரம் முடிந்தது’, ‘கடவுச்சொல் பிழை’ என்ற வகைச் செய்தி வந்தால் டிரைவர் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம், அதைக் கழற்றிப் பூட்டக் கூடாது. தலைமைக் கந்தோர் பின்னர் மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேர்வர் தரவுத்தளத்துக்கு மாறினால் ஒன்று ஞாபகத்தில் இருக்கட்டும். 2022இல் வந்த ஓடிபிசி டிரைவர் 18, அமைப்பை மாற்றாவிட்டால் இணைப்பைக் குறியாக்கம் செய்யும். சேர்வரில் முறையான சான்றிதழ் இல்லாவிட்டால், 17இல் ஓடிய அதே அமைப்பு 18இல் ‘நம்பகமற்ற சான்றிதழ்’ என்று மறுக்கும். அதைத் தீர்க்க வேண்டியது சேர்வர் பார்ப்பவர்.

கேள்விக்குறிகளுக்கு வருவோம். மைஎஸ்கியூஎல் கனெக்டரை நிறுவினால் பட்டியலில் இரண்டு டிரைவர் தெரியும், ஒன்று ‘ஆன்சி’, மற்றது ‘யூனிகோட்’. அகரவரிசையில் ஆன்சி முதலில் நிற்பதால் பலர் அதையே தெரிவுசெய்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பெயர்கள் மட்டும் இருந்தால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. தமிழ் வந்தால், விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுதியில் தமிழுக்கு இடமே இல்லாதபடியால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். அந்த டிஎஸ்என்னை அழித்து, யூனிகோட் டிரைவரில் புதிதாக அமையுங்கள். அதன் அமைப்புச் சாளரத்தில் எழுத்துத் தொகுதி கேட்டால் ‘யூடிஎஃப்8எம்பி4’ கொடுங்கள். சேர்வரில் உள்ள அட்டவணையும் யூடிஎஃப்8 வகையாக இருக்க வேண்டும். அதைத் தலைமைக் கந்தோரில்தான் கேட்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஆன்சி வழியாக யாராவது தமிழில் தரவு எழுதியுமிருந்தால், தரவுத்தளத்துக்குள்ளேயே கேள்விக்குறிதான் போய் உட்கார்ந்திருக்கும். டிரைவரை மாற்றினாலும் அந்தப் பெயர்கள் திரும்பி வரா. கையால்தான் மறுபடி அடிக்க வேண்டும். ஆகவே வாசிக்க மட்டும் அந்த இணைப்பைப் பயன்படுத்தினீர்களா, எழுதவும் செய்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

கேள்விக்குறி அல்லாமல், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை மாதிரி வந்தால் அது வேறு விஷயம். அது டிரைவரின் பிழையே அல்ல, பாமினி. இங்கே எத்தனையோ கந்தோர்களில் யூனிகோட் வருவதற்கு முன்னும், வந்த பின்னும், பாமினி எழுத்துருவில்தான் பெயர்களை அடித்தார்கள். உங்கள் பழைய அக்சஸ் கோப்பிலும் அப்படி இருக்க நிறைய வாய்ப்புண்டு. பாமினியில் தரவுத்தளத்துக்குள் போவது வெறும் ஆங்கில எழுத்துகள், எழுத்துரு மட்டும்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. எக்செலில் அந்த நெடுவரிசையைத் தெரிவுசெய்து எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றிப் பாருங்கள். தமிழ் தெரிந்தால் டிரைவர் தன் வேலையை நேர்மையாகச் செய்திருக்கிறது என்று பொருள். பிறகு ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுகிறார்கள். பாமினியில் ‘இ’ என்ற எழுத்து இருப்பது காற்புள்ளியின் இடத்தில். மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். ஆகவே பாமினித் தரவைக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைக்காமல் விட்டால், இராசரத்தினம், இந்திராணி போன்ற பெயர்கள் எல்லாம் முதல் எழுத்திலேயே இரண்டாக உடைந்து, அந்த வரியின் மற்றத் தகவல்கள் ஒரு கட்டம் தள்ளிப்போய்விடும். முகவரி நெடுவரிசையில் தொலைபேசி இலக்கமும், கடன் தொகை நெடுவரிசையில் முகவரியும் இருக்கும். ‘டிரைவர் தரவைக் குழப்பிப்போட்டுது’ என்பார்கள். அரைப்புள்ளியால் பிரித்தால் இன்னும் மோசம், ‘ம்’, ‘ன்’ வருகிற இடமெல்லாம் உடையும். ‘டாப்’ (Tab) விசையின் எழுத்தால் பிரித்து எடுங்கள், அல்லது கோப்பே எழுதாமல் ஓடிபிசி வழியாக நேரே எடுங்கள். மாற்றியில் போடும்போதும் முகவரி நெடுவரிசையில் உண்மையான காற்புள்ளிகள் ‘இ’ ஆகிவிடும். ‘கே.கே.எஸ் வீதிஇ சுன்னாகம்’ என்று அச்சான கடிதங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எக்செல் கோப்பிலிருந்து அங்கத்தவர் பட்டியலை உள்ளே எடுக்கும் வேலையும் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன், ஆகவே அடையாள அட்டை இலக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏஸும் ஜெட்டும் எக்செலை வாசிக்கும்போது ஒரு நெடுவரிசை எண்ணா எழுத்தா என்பதை முதல் 8 வரிகளைப் பார்த்து ஊகிக்கின்றன. நமது பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற எழுத்தும். 2016இலிருந்து வழங்கப்படுவது வெறும் பன்னிரண்டு இலக்கம். பட்டியலின் மேலே இளம் அங்கத்தவர்கள் நின்றால் முதல் எட்டும் எண்ணாக இருக்கும், டிரைவர் ‘இது எண் நெடுவரிசை’ என்று முடிவுகட்டும், கீழே வருகிற பழைய இலக்கங்கள் எல்லாம் வெறுமையாக உள்ளே போகும். ஒரு பிழைச் செய்தியும் வராது, அதுதான் கெட்ட விஷயம். இணைப்பு வரியில் ‘ஐமெக்ஸ் சமன் 1’ என்று சேர்த்தால் கலப்பு நெடுவரிசையை எழுத்தாக எடுக்கும். ஆனால் கலப்பு அந்த முதல் எட்டு வரிக்குள் தெரிந்தால்தான். ஆகச் சுலபமான வழி, பழைய இலக்கம் உள்ள ஒருவரைப் பட்டியலின் முதல் வரிகளுக்குள் கொண்டுவந்துவிட்டு ஐமெக்ஸையும் சேர்ப்பது. ரெஜிஸ்ட்ரியில் ‘டைப்கெஸ்ரோஸ்’ என்ற மதிப்பை 0 ஆக்கினால் எட்டுக்குப் பதில் பல ஆயிரம் வரி பார்க்கும், அதுவும் ஒரு வழி. 021இல் தொடங்கும் தொலைபேசி இலக்கங்கள் முன்னாலுள்ள பூச்சியத்தை இழப்பது, எக்செலில் எண்ணாக அடித்தபோதே நடந்த வேலை. டிரைவரைத் திட்ட வேண்டாம்.

‘நேற்று வரை ஓடியது, இன்று காலை ஓடவில்லை, யாரும் ஒன்றும் தொடவில்லை’ என்று வந்தால் விண்டோஸ் புதுப்பிப்பு வரலாற்றைப் பாருங்கள். 2017 ஒக்டோபரில் வந்த ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு, ஜெட் வழியாகப் பழைய எக்செல் கோப்புகளை வாசிப்பதை உடைத்தது. 2019 நவம்பரில் வந்த ஒபிஸ் புதுப்பிப்பு அக்சஸில் ‘வினவல் பழுதடைந்துள்ளது’ என்று பொய்யாக முறையிட வைத்தது. இரண்டையும் மைக்ரோசொப்டே பின்னர் திருத்தியது. அப்படியான நாட்களில் டிரைவரைக் கழற்றுவது வீண், திருத்தம் வரும்வரை அந்தப் புதுப்பிப்பை மட்டும் நீக்கிவைக்கலாம்.

தரவுக் கோப்பு ஒரு கணினியில் இருந்து மற்றவை பகிர்ந்து திறக்கின்றன என்றால் இரண்டு விஷயம். அந்தக் கோப்புறைக்கு எல்லாப் பயனருக்கும் எழுதும் அனுமதி வேண்டும், வாசிக்க மட்டும் போதாது. திறந்தவுடன் பக்கத்திலேயே ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்க வேண்டியிருப்பதால் அனுமதி இல்லாவிட்டால் மற்றவர் நுழைய முடியாது. அப்புறம், புதுக் கணினியை வைஃபையில் விடாமல் கம்பி போட்டு இணையுங்கள். அக்சஸ் கோப்பு பாதி எழுதும்போது இணைப்பு விட்டால் பழுதாகும். கரண்ட் போனாலும் அதேதான். கோப்பு வைத்திருக்கிற கணினிக்கு யூபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது, கணினிகளை இணைக்கிற நெட்வேர்க் சுவிட்சுக்கும் அதிலிருந்து ஒரு வயர் எடுக்க வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு ‘வேறொருவர் திறந்திருக்கிறார்’ என்று வந்தால், எல்லாரும் வெளியேறியபின் அந்தப் பூட்டுக் கோப்பு அங்கேயே கிடக்கிறதா என்று பார்த்து அழித்துவிடலாம்.

பெடியன் அடுத்த முறை வரும்போது வேலையை இந்த ஒழுங்கில் செய்யச் சொல்லுங்கள். முதலில் எல்லாரும் வெளியேறி, தரவுக் கோப்பைப் பென்டிரைவில் ஒரு பிரதி. பிறகு டாஸ்க் மனேஜரில் நிரலின் பிட் பார்ப்பது. 32 என்று உறுதியானால், போட்ட 64-பிட் ஏஸையும் 64-பிட் ஒபிஸையும் கழற்றி, கணினியை மறுபடி தொடக்கி, 32-பிட் ஒபிஸ். சொப்ட்வெயரைத் திறந்து, உங்கள் கணக்கில், அட்மின் கணக்கில் அல்ல, ஒரு பதிவு போட்டுச் சேமித்துப் பார்ப்பது. அதன்பின் 32-பிட் விஷுவல் சி++ ரன்டைம், 32-பிட் மைஎஸ்கியூஎல் கனெக்டர், யூனிகோட் டிரைவரில் சிஸ்டம் டிஎஸ்என். இதற்கு இறக்கிய கோப்புகளை எல்லாம் பதிப்பு இலக்கத்தோடு ஒரே கோப்புறையில் போட்டு, அடுத்த கணினி வாங்கும்போது தேடாதபடி வைத்துக்கொள்ளுங்கள். ஒபிஸ் 2016க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அந்தக் காலத்து டிரைவர்கள் எவ்வளவு நாள் இறக்கக் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு பழைய செய்தியே வந்தால், சாளரம் முழுவதும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். ‘எரர் வருது’ என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் படத்தோடு நிரலின் பிட், ஒபிஸின் பிட், தரவுக் கோப்பின் வால் மூன்றையும் எழுதுங்கள். அங்கத்தவர் பெயரோ இலக்கமோ படத்தில் இருந்தால் மறைத்துவிட்டு.